ஏட்டில் இருந்த சொல்லும் கண்டத்தில் இருந்த இசையும்

சூலை நோய் நீங்கிய திருநாவுக்கரசர் தம் முதற் பதிகத்தைப் பாடிய திருவதிகைக்கும் அண்ணாகிராமத்து வயல்களுக்கும் இடையே அதிக தூரம் இல்லை. அவர் பிறந்த திருவாமூரும் எங்கள் பக்கத்து ஊரே ஆகும். கெடிலக் கரையிலே எழுந்த அந்தக் கானம் ஊர் ஊராகச் சென்று, நாடெங்கும் பரவி, பின்னர் ஒரு காலத்தில் ஓதுவார் அருகி, ஏடுகளும் எங்கே போயின என்று தெரியாத நிலையை அடைந்தது. சோழ மன்னன் அவற்றைத் தேடிய வரலாற்றைத் திருமுறை கண்ட புராணம் விரித்துரைக்கிறது. திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியின் வாயிலாக ஏடுகள் தில்லையிலே ஓர் அறைக்குள் இருப்பதை அறிந்து, மூவர் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து, காப்பு நீக்கிக் கதவைத் திறந்தபோது, புற்று மூடிக் கிடந்த சுவடிகளே கண்ணுக்குத் தெரிந்தன என்றும், எண்ணெய் சொரிந்து புற்றைக் கரைத்து எடுத்தவை போக எஞ்சியவை செல்லுக்கு இரையாகிவிட்டன என்றும் அப்புராணம் சொல்லுகிறது.

இந்தக் கதையின் முற்பகுதியைத் தமிழர் யாவரும் அறிவர். பிற்பகுதியை அறிந்தவர் சிலரே. ஏடுகள் கிடைத்தன, சொற்கள் கிடைத்தன, ஆனால் அவற்றைப் பாடும் முறை கிடைக்கவில்லை. எந்தப் பதிகத்துக்கு எந்தப் பண், அந்தப் பண்ணின் நடை எத்தகையது என்பதை ஓலை சொல்லவில்லை. அப்போது மன்னனும் நம்பியும், விருத்தாசலத்துக்கு அருகே இன்று இராஜேந்திரப்பட்டணம் என்று வழங்கும் திருஎருக்கத்தம்புலியூருக்குச் சென்று, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபிலே பிறந்த ஒரு பெண்மணியைக் கண்டு, அவரைத் தில்லைக்கு அழைத்து வந்து, அவர் வாயிலாகப் பண்களை அமைத்துக்கொண்டார்கள் என்பது அதே புராணம் தரும் செய்தி. அப்பெண்மணியின் பெயரைக்கூடப் புராணம் கூறவில்லை. ஆயினும் தேவாரம் இன்று படிப்பதற்குரிய நூலாக மட்டும் நின்றுவிடாமல் பாடுவதற்குரிய இசையாகவும் நமக்கு இருக்கிறதென்றால், கடலூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலே வாழ்ந்த அவருடைய கண்டமே அதற்குக் காரணம் என்பதை அந்தக் கதை ஒப்புக்கொள்கிறது.

வாய்ப்பாட்டைக் காக்கும் ஆவணசாலைகளைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு இந்தப் பெண்மணியின் நினைவே வருகிறது. யூதர்களுடைய பாட்டுச் சுவடிகளைப் பற்றி எழுதப் புகும் இக்கட்டுரையிலும் அவரை முன்னிறுத்தியதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டிலேயே, மேற்குக் கடற்கரையிலே, கொச்சி யூதப் பெண்கள் தம் கையாலெழுதி வைத்திருந்த மலையாளப் பாட்டுக் குறிப்பேடுகளின் வரலாறு தில்லை ஏடுகளின் வரலாற்றோடு வியக்கத்தக்க வகையில் ஒத்திருக்கிறது.

யூத சமய சங்கீதம் பெரும்பாலும் வாய்ப்பாட்டாகவே வளர்ந்தது. கி.பி. 70ஆம் ஆண்டில் உரோமானியர் எருசலேம் ஆலயத்தை அழித்த பின்னர், அந்தத் துக்கத்தின் அடையாளமாகத் தொழுகைக் கூடங்களில் வாத்தியங்களை விலக்கிவிடும் சம்பிரதாயம் நிலைபெற்றது. ஆகவே பக்தியின் பாரம் முழுவதையும் குரல் ஒன்றே சுமக்க வேண்டியதாயிற்று. அந்தக் குரலையும் எழுத்திலே பிடித்து வைக்கும் வழக்கம் அவர்களிடம் மிக அரிதாகவே இருந்தது. எபிரேயப் பாட்டுக்கு இசைக்குறி இட்டெழுதிய ஏடுகளில் மிகப் பழையவை என்று அறிஞர் கொள்வன, பன்னிரண்டாம் நூற்றாண்டிலே ஒபதியா என்பவர் எழுதியவை. இவர் இத்தாலியில் நார்மானியர் குடும்பத்திலே கிறிஸ்தவராகப் பிறந்து பின்னர் யூத சமயத்தைத் தழுவியவர். அவ்வேடுகள் கெய்ரோ நகரத்துப் பழைய யூதப் பள்ளியாகிய தொழுகைக் கூடத்தின் கிடங்கறையிலிருந்து, கிழிந்த கடிதங்களுக்கும் கணக்குச் சீட்டுக்களுக்கும் இடையே கிடைத்தன. கடவுளின் திருநாமம் எழுதப்பெற்ற தாளை எறியலாகாது என்னும் ஆசாரத்தால் பழுதான காகிதங்களையெல்லாம் அவர்கள் அவ்வறையில் இட்டுவந்தார்கள். மலபார்க் கரையோடு வாணிகம் செய்த யூத வர்த்தகர்களின் கடிதங்களும் அதே குவியலில் கிடைத்திருக்கின்றன.

ஐரோப்பாவிலே பல குரல்கள் சேர்ந்து பாடும் சேர்ந்திசை யூதப் பள்ளிகளுக்குள் நுழைந்தபோதுதான் இசையாசிரியர்களும் அவர்களுடைய கையெழுத்துப் பிரதிகளும் தோன்றத் தொடங்கின. மாந்துவா நகரத்துச் சாலமோனே ரோசி பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே வெனிசில் அச்சிட்ட தொகுதி இத்துறையில் முதன்மையானது. மேலைநாட்டு ஸ்வரக் குறிகள் இடமிருந்து வலமாகச் செல்ல, எபிரேய எழுத்து வலமிருந்து இடமாகச் செல்லுவதால், ஒவ்வொரு சொல்லையும் அதற்குரிய திசையிலேயே விட்டுவிட்டு ஸ்வரத்துக்கடியில் பதித்த அந்த அச்சாளரின் சங்கடத்தை அப்பக்கங்களிலே காணலாம். பின்னர் வியன்னாவில் சாலமோன் சூல்சர் என்னும் புகழ்பெற்ற பாடகர் வந்தார். அவருக்காகச் சூபர்ட் 1828ஆம் ஆண்டிலே ஒரு சங்கீதத்துக்கு எபிரேய மொழியிலேயே இசையமைத்துக் கொடுத்தார். பெர்லினில் லூயி லெவாண்டோவ்ஸ்கி சேர்ந்திசையை மேலும் வளர்த்தார். கோனிக்ஸ்பர்க் நகரத்துப் பாடகராகிய எடுவர்ட் பிர்ன்பவும் தம் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த சுவடிகள், அமெரிக்காவிலே சின்சினாட்டி நகரத்து எபிரேயக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தன. அவை அவ்வாறு கடல் கடந்து போனது பெரும் பாக்கியம். 1938ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே ஜெர்மானிய தேசத்து யூதப் பள்ளிகளுக்குத் தீ வைக்கப்பட்ட அந்த இரவில் எத்தனை சேர்ந்திசைப் பிரதிகள் சாம்பலாயின என்பதை யாராலும் கணக்கிட இயலாது.

ஓர் இசையாசிரியரின் ஆவணசாலை என்றால் அதிலே என்ன இருக்கும்? முதற் குறிப்புக்கள், அடித்துத் திருத்திய பிரதிகள், ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனியே எழுதிக் கொடுத்த தாள்கள், கச்சேரி நிகழ்ச்சிப் பட்டியல்கள், கடிதங்கள் ஆகிய இவையே அதன் உடைமைகள். இந்தியாவோடு தொடர்புடைய அத்தகைய சேகரம் ஒன்று உண்டு. பொஹீமியாவில் பிறந்த வால்டர் காஃப்மன் என்னும் யூத இசையாசிரியர், ஹிட்லரின் ஆட்சிக்கு அஞ்சி 1934ஆம் ஆண்டிலே பம்பாய்க்கு வந்து, 1946 வரையில் இங்கே தங்கி, வானொலியில் பணிபுரிந்து, நம் ராகங்களைக் கற்றார். அகில இந்திய வானொலி காலையிலே தன் ஒலிபரப்பைத் தொடங்கும் அந்த நிலைய இசை அவர் அமைத்ததே என்பது பெரும்பாலோர் கொள்கை. தென்னாட்டு ராகங்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1976இல் வெளிவந்தது. 1984இல் காலமான அவருடைய கையெழுத்துப் பிரதிகள் அமெரிக்காவிலே இந்தியானா பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன. சமீப காலத்தில் கனடா தேசத்துக் கலைஞர்கள் அவற்றை எடுத்து வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டதும், பல்லாண்டுகளாக மறந்திருந்த அவருடைய சங்கீதத்துக்கு மீண்டும் செவிகள் கிடைத்தன. ஸ்வரம் எழுதியிருந்தது, ஆகவே எவர் எடுத்தாலும் வாசிக்க முடிந்தது.

கொச்சிப் பெண்களின் குறிப்பேடுகளுக்கு இந்தச் சௌகரியம் இல்லை. அவற்றில் ஸ்வரமும் இல்லை, இயற்றியவர் பெயரும் இல்லை.

மலையாள நாட்டு யூதர்களின் பழமையைப் பற்றிச் சில சொல்லவேண்டும். கி.பி. ஆயிரமாம் ஆண்டையொட்டி, சேரமன்னனாகிய பாஸ்கர ரவி, முயிரிக்கோட்டிலே வீற்றிருந்து, யோசேப் ரப்பான் என்னும் யூதப் பெருமகனுக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் அளித்த செப்பேடு இன்றும் கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கிறது. அது வட்டெழுத்தில் எழுதப்பெற்றது; அதன் மொழி மலையாளம் தமிழினின்று பிரியுந் தறுவாயில் இருந்த மொழி. பகல் விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, பறை, காகளம், தோரணம் என்று அதிலே அடுக்கி வரும் மரியாதைகளைப் படிக்கும் தமிழர்க்கு நம் கோயிற் சாசனம் ஒன்றைப் படிப்பது போன்ற எண்ணமே உண்டாகும். பிற்காலத்திலே கொச்சி அரசர்கள் யூதர் தலைவருக்கு முதலியார் என்னும் பட்டத்தைக் கொடுத்து வந்தார்கள் என்பதும் நாம் அறியத்தக்கது.

முயிரிக்கோடாகிய கொடுங்கல்லூரை அவர்கள் ஷிங்லி என்று அழைத்தனர். அங்கிருந்து பெயர்ந்து கொச்சி, எறணாகுளம், பறவூர், சேந்தமங்கலம், மாளை ஆகிய இடங்களிலே ஏழு பள்ளிகளைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தனர். ஸ்பெயின் முதலிய தேசங்களிலிருந்து பின்னர் வந்தவர்கள் 1568ஆம் ஆண்டிலே மட்டாஞ்சேரியில் பரதேசிப் பள்ளியை எழுப்பினர். 1662இல் போர்த்துக்கீசியர் யூதத் தெருவைக் கொள்ளையிட்டுப் பள்ளியையும் பாழ்படுத்தியபோது அவர்களுடைய பழைய ஏடுகளும் பதிவுகளும் பெரும்பாலும் அழிந்துபோயின. டச்சுக்காரர் ஆட்சி வந்ததும் ஆம்ஸ்டர்டாம் நகரத்து யூதர்களோடு உறவு ஏற்பட்டது. அங்கிருந்து அச்சிட்ட நூல்கள் கப்பலேறி வந்தன. ஷிங்லி வழக்கப்படி ஆண்கள் பாடும் எபிரேயப் பாட்டுக்களும் பதினெட்டாம் நூற்றாண்டிலே அந்நகரத்திலேயே அச்சேறின.

ஆண்கள் பாடியவை இவ்வாறு அச்சு வாகனம் ஏறின. பெண்கள் பாடிய மலையாளப் பாட்டுக்களோ கையெழுத்திலேயே நின்றன. ஒவ்வொரு குடும்பத்துப் பெண்ணும் தன் தாயின் நோட்டைப் பார்த்தோ, பெரியம்மை வாயால் கேட்டோ, தனக்கென்று ஒரு நோட்டில் பாட்டுக்களை எழுதி வைத்துக்கொண்டாள். நமக்குக் கிடைத்திருப்பவற்றில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் இருபதாம் நூற்றாண்டையும் சார்ந்தவை. ஆனால் அவற்றிலுள்ள பாட்டுக்களின் மொழி அதனினும் பல நூற்றாண்டு பழமையானது. எழுதிய பெண்களுக்கே சில சொற்களின் பொருள் விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் மாற்றாமல், கேட்டபடியே எழுதினார்கள். அந்த அடக்கத்தை நான் பெரிதும் போற்றுகிறேன். பொருள் தெரியாத இடத்திலே தன் புத்தியைப் புகுத்தித் திருத்தும் பண்டிதர்களால் நம் ஏடுகளுக்கு நேர்ந்த சேதம் கறையானால் நேர்ந்ததற்குக் குறைந்ததன்று.

பாட்டுக்களின் வகை பல. ஆதியாகமத்து யோசேப்பின் கதை, ரூத்தின் கதை, எஸ்தர் அரசியின் கதை என்று வேதாகமக் கதைகளைச் சொல்லுவன ஒரு வகை. இன்ன பள்ளி இன்னாரால் எழுந்தது, தீப்பட்டது, மீண்டும் கட்டப்பட்டது என்று தம் தொழுகைக் கூடங்களின் ஸ்தல புராணத்தைக் கூறுவன மற்றொரு வகை. எவராயி என்னும் பெரியவர் எருசலேமிலிருந்து பல தேசங்களைக் கடந்து பாலூருக்கு வந்து சேர்ந்ததை ஒரு பாட்டு வருணிக்கிறது. மணமகனை யோசேப் ரப்பானுடைய சிறப்புக்களோடு சேர்த்துப் போற்றும் பாட்டும் உண்டு. விவாக தினத்தன்று ஒவ்வோர் ஏழை வீட்டுப் பிள்ளையும் செப்பேட்டு மரியாதைகளுக்கு உரியவனாகிவிடுகிறான். கிளியை விளித்துப் பாடும் பாட்டொன்று மிகவும் பிரசித்தமானது. கிளிக்கண்ணியும் கிளிவிடு தூதும் பழகிய நமக்கும், எழுத்தச்சனுடைய கிளிப்பாட்டைப் பாராயணம் செய்யும் மலையாளிகளுக்கும், யூதப் பெண்ணின் வாயிலே வரும் அந்தக் கிளி அந்நியப் பறவையாகத் தோன்றாது.

இவை விவாக காலங்களிலேயே மிகுதியாகப் பாடப்பெற்றன. கொச்சி யூதர்களின் விவாகம் பல நாட்கள் நடைபெற்றது. மணமகளை நீராட்டுவது முதல் ஒவ்வொரு சடங்குக்கும் அதற்குரிய பாட்டு உண்டு. மணமகள் தாலி அணிவதும் அவர்களிடையே வழக்கமாக இருந்தது. பெண்கள் வட்டமாக நின்று கைகொட்டி, ஒரே குரலாகப் பாடி, சுற்றி ஆடினார்கள்; எங்கள் ஊர்க் கும்மியையும் மலையாளக் கைகொட்டிக் களியையும் கண்டவர்க்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டுவதில்லை.

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைக் குறிப்பிட வேண்டும். பெண்ணின் பாட்டுக் குரலை அந்நிய ஆடவர் கேட்கலாகாது என்பது வைதிக யூதர் பலரிடம் உள்ள கட்டுப்பாடு. மலையாள நாட்டிலே அக்கட்டுப்பாடு வேரூன்றவில்லை. பெண்கள் ஆடவர் முன்னிலையிலே பாடினார்கள். எபிரேயம் படிக்கக் கற்றுக்கொண்டு, ஆண்களோடு சேர்ந்து எபிரேயப் பாட்டுக்களையும் பாடினார்கள். மலையாள நாட்டுப் பள்ளிகளின் அமைப்பே இதற்கேற்றதாக இருக்கிறது: கீழே நடுவிலுள்ள மேடையோடு, மாடியிலே பெண்கள் அமரும் பகுதியின் எதிரே வேதம் வாசிப்பதற்கு இரண்டாவது மேடையொன்றும் அவற்றில் உண்டு. வேதச் சுருள்களுக்கு விழாவெடுக்கும் சிம்ஹத் தோரா நாளிலே ஆண்கள் சுருள்களை ஏந்திப் பள்ளியைச் சுற்றி வலம் வருவார்கள். அத்திருவிழாவிலும் பெண்களின் பாட்டுக்கு இடம் இருந்தது. இந்த உரிமை அவர்களுக்கு இருந்திராவிட்டால் அப்பாட்டுக்கள் பிறந்தே இருக்கமாட்டா.

அந்தச் சமூகத்துக்குள் பிளவுகளும் இருந்தன. பரதேசிகள், தமக்கு முன்பே இங்கிருந்த மலபார் யூதர்களோடு கொண்டு கொடுக்கவில்லை. விடுதலை பெற்ற அடிமைகளின் வழி வந்தவர் என்று சிலரைத் தம் பள்ளியிலேயே சம உரிமையின்றி ஒதுக்கி வைத்தனர். வழக்கறிஞராகிய ஏ. பி. சேலம் காந்தியடிகளின் வழியிலே சத்தியாக்கிரகம் செய்து அந்த அநீதியை எதிர்த்தார். ஆண்கள் இவ்வாறு பள்ளிக்குப் பள்ளி வேலி கட்டிக்கொண்டிருந்த காலத்திலும், பெண்களின் நோட்டுக்கள் அந்த வேலிகளைக் கடந்து சென்றிருக்கின்றன. மட்டாஞ்சேரிப் பரதேசிப் பெண்ணின் நோட்டிலும் பறவூர்ப் பெண்ணின் நோட்டிலும் ஒரே பாட்டு, சில சொல் வேறுபாட்டுடன், காணப்படுகிறது. யாரோடு யார் உறவாடலாம் என்று ஆடவர் எழுதிவைத்த விதிகளைவிட, யார் பாட்டை யார் பாடினார்கள் என்பதே அம்மக்களின் உண்மையான உறவுக்குச் சான்று என்று நான் கருதுகிறேன்.

இஸ்ரேல் நாடு 1948இல் தோன்றிற்று. அதற்கடுத்த ஆண்டுகளில், முக்கியமாக 1953 முதல் 1955 வரையில், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மலையாள யூதர்கள் தம் ஊர்களை விட்டுப் புறப்பட்டனர். துரத்தியவர் எவருமில்லை, மத நம்பிக்கையின் பொருட்டுச் சென்றனர். நெவாதீம், மெசில்லத் சியோன் முதலிய கிராமங்களிலே குடியேறி, தென்னையும் காயலும் கண்ட கண்களால் பாலை நிலத்தைப் பார்த்து, விவசாயம் செய்து வாழ்ந்தனர். பெட்டிகளுக்குள்ளே நோட்டுக்களும் உடன் சென்றன. ஆனால் புதிய தேசத்திலே பிள்ளைகள் எபிரேயம் பேசினார்கள். மலையாளப் பாட்டைக் கேட்டுக் கைகொட்ட வட்டம் கூடவில்லை. விவாகங்களில் வேறு பாட்டு, வேறு வாத்தியம். நோட்டு பெட்டிக்குள் இருக்க, மெட்டு மறதிக்குள் போய்க்கொண்டிருந்தது.

அவற்றை மீட்டவர்களில் முதலில் சொல்லத்தக்கவர் ரூபி தானியேல். 1912இல் கொச்சியிலே பிறந்து, இரண்டாம் உலக யுத்த காலத்தில் கடற்படையின் பெண்கள் பிரிவிலே பணிபுரிந்து, 1951இல் இஸ்ரேலுக்குச் சென்ற இவ்வம்மையார், பாட்டியிடமிருந்து கேட்ட கதைகளும் பாட்டுக்களும் நெஞ்சில் நிறைந்தவர். முதிய வயதிலே அப்பாட்டுக்களை ஆங்கிலத்தில் பெயர்த்தெழுதினார். பார்பரா ஜான்சன் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞரின் துணையோடு தம் வாழ்க்கை வரலாற்றை 1995இல் வெளியிட்டார். கொச்சியிலே பத்திரிகையாளராகிய பி. எம். ஜுஸ்ஸே, தாம் கிறிஸ்தவராயிருந்தும், யூதப் பாட்டிகளிடம் ஒருவர் பின் ஒருவராகச் சென்று கேட்டு அரிய சொற்களுக்குப் பொருள் கண்டார். ஷெர்லி ஐசன்பர்க் என்னும் அம்மையாரும் பார்பரா ஜான்சனும் இஸ்ரேல் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று நோட்டுக்களைப் பிரதி செய்து, பாடத் தெரிந்தவர்களைப் பாடச்செய்து ஒலிப்பதிவு செய்தனர். முப்பதுக்கு மேற்பட்ட நோட்டுக்களிலிருந்து ஏறத்தாழ 300 பாட்டுக்கள் சேர்ந்தன.

காலடி சம்ஸ்கிருத சர்வகலாசாலையில் மலையாளப் பேராசிரியராயிருந்து 2022இல் மறைந்த ஸ்கறியா சக்கரியா, இப்பாட்டுக்களை மலையாள இலக்கிய வரலாற்றுக்குள் உரிய ஆசனத்தில் அமர்த்தியவர். கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களின் பழைய விவாகப் பாட்டுக்களுக்கும் இவற்றுக்கும் உள்ள ஒற்றுமைகளும் ஆராயப்பெற்றன. ஓபிரா காம்லியேல் என்னும் யூத அறிஞரோடு சேர்ந்து அவர் பதிப்பித்த 'கார்குழலி' என்னும் தொகுதி, மலையாள மூலமும் எபிரேய மொழிபெயர்ப்புமாக 2005இல் எருசலேமிலே வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டிலே எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்து யூத இசை ஆராய்ச்சி நிலையம், கிளிப்பாட்டின் பெயரையே தலைப்பாகச் சூட்டி, பெண்கள் பாடிய ஒலிப்பதிவுகளை இசைத்தட்டாக வெளியிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆபிரகாம் இடெல்சோன் என்னும் மேதை உலகெங்குமுள்ள யூதர்களின் மெட்டுக்களை ஸ்வரப்படுத்திப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டபோது ஏமன், பாபிலோன், பாரசீகம் என்று பல தேசத்தாருக்கும் தொகுதி அமைத்தும் கொச்சிக்கு ஒன்று அமைக்கவில்லை. அந்தக் குறை இந்த ஒலித்தட்டினால் ஓரளவு நீங்கிற்று.

ஓரளவு என்றுதான் சொல்லவேண்டும். முந்நூறு பாட்டுக்களின் சொற்களும் கிடைத்தன. மெட்டுக் கிடைத்தவை அவற்றில் ஒரு பகுதியே. நோட்டுக்களைப் பார்த்தவர்கள் சந்தித்த தொல்லை நம் ஓலைச்சுவடிப் பதிப்பாசிரியர்களுக்கும் பழக்கமானதே. அடி பிரிக்காமல் வசனம்போல் தொடர்ந்தெழுதிய பக்கங்கள் பல. எங்கே மூச்சு நிற்கும், எந்த எழுத்து நீளும், எந்த அடி மீண்டும் வரும் என்பவற்றை எழுதிய பெண் எழுதவில்லை; அவளுக்கு அது எழுத வேண்டாத விஷயம். பாடத் தெரிந்தவள் மறவாதிருக்கவே நோட்டு எழுதினாளேயன்றி, பாடத் தெரியாத நமக்காக எழுதவில்லை. எபிரேயப் பாட்டுக்களின் மெட்டிலே அமைந்த மலையாளப் பாட்டுக்கள் உண்டு. ஒரே மெட்டு பல பாட்டுக்களுக்கும் உதவுவதுண்டு. ஆகவே பாடும் மூதாட்டி ஒருவர் இருந்தால் ஒரு பாட்டின் வழியாக வேறு சிலவும் உயிர்பெறும். அவர் இல்லையேல் நோட்டிலே இருப்பது சாகித்தியம் மட்டுமே.

இஸ்ரேலிலே காலியா ஹக்கோ என்னும் அம்மையார் முன்னின்று, மூத்த பெண்களைத் திரட்டிப் பாட்டுக் குழு ஒன்று அமைத்து, பொது மேடைகளில் பாடச் செய்தார். எழுத்து மறந்தவர்களுக்காக மலையாளச் சொற்களை எபிரேய எழுத்திலே எழுதிக் கொடுத்துப் பாடுவிக்கும் முறையும் வந்தது. கட்டடங்களையும் உலகம் மறக்கவில்லை: மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் பள்ளியின் உட்புறம் பெயர்த்தெடுக்கப்பட்டு எருசலேமின் இஸ்ரேல் காட்சிசாலையிலே மீண்டும் அமைக்கப்பட்டிருக்கிறது, சேந்தமங்கலத்துப் பள்ளியையும் பறவூர்ப் பள்ளியையும் கேரள அரசு புதுப்பித்துக் காட்சிக்கு வைத்திருக்கிறது. மரவேலையையும் சுண்ணாம்புச் சுவரையும் பழையபடி ஆக்கத் தச்சரும் கொற்றரும் இருக்கிறார்கள். நின்றுபோன மெட்டை ஆக்கித் தர எந்தத் தொழிலாளியும் இல்லை.

எங்கள் கடலூர்ப் பக்கத்து வீடுகளிலும் நலங்குப் பாட்டும் ஊஞ்சற் பாட்டும் லாலியும் தாலாட்டும் எழுதிய நோட்டுப் புத்தகங்கள் அலமாரிகளின் அடித்தட்டிலே கிடக்கின்றன. அவையும் சொல்லை மட்டுமே காப்பவை. அவற்றை வைத்திருக்கும் ஆச்சியும் அத்தையும் பாடக்கூடிய நிலையில் இருக்கும்போதே பாடச்சொல்லிப் பதிவுசெய்து கொள்ள, கையில் உள்ள தொலைபேசியே இக்காலத்தில் போதுமானது. அதனுடன், கொச்சிப் பாட்டுக்களைத் தமிழ் வாசகர்க்குக் கொண்டுவர வேண்டிய வேலையும் ஒன்று இருக்கிறது. செர்மானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எபிரேயத்திலும் அவை பெயர்க்கப்பட்டுவிட்டன. மொழியால் அவற்றுக்கு மிக நெருங்கிய உறவினராகிய நாம் அவற்றைத் தமிழெழுத்திலே இன்னும் படிக்கவில்லை. சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்த்துறையும் இசைத்துறையும் அருகருகே இருக்கின்றன; தமிழிசைச் சங்கம் 1949 முதல் பண்ணாராய்ச்சி நடத்திப் பழகியிருக்கிறது; அறிஞர்க்குக் குறைவில்லை. மூலத்தைத் தமிழ் எழுத்தில் தந்து, வழக்கொழிந்த சொற்களுக்குச் சங்க நூல்களிலும் சாசனங்களிலும் உள்ள ஒப்புமையைக் காட்டி, நோட்டுக்கு நோட்டு உள்ள பாடபேதங்களை அடியிற் கொடுத்து, ஒலிப்பதிவு உள்ள இடத்தில் ஸ்வரக் குறிப்பும் சேர்த்து ஒரு பதிப்பு வெளியிடுதல் வேண்டும். மெட்டுக் கிடைத்த பாட்டுக்களை முதலில் எடுத்துக்கொண்டு தொடங்குவதே முறை; அவற்றைப் பாடக் கேட்ட செவிக்கு மற்றவற்றின் சந்தமும் மெல்ல மெல்லப் பிடிபடக்கூடும்.